வீட்டோட மாப்பிள்ளைக்கு ஒரு நாற்காலி

மாப்ளே,

நோம்பிக்கு வந்தவன் செருப்பை மாட்டிக்கிட்டே ஒரு பழமை சொல்லிட்டுப் போனியே, "வர்ற தையில மில்லைப் பையன் கையில ஒப்படைச்சறலாம்னு இருக்கறேனுங் மாமா"ன்னு. நானும் "சந்தோசம்"னு சொன்னேன். வயசானவன் சந்தோசம்னு சொன்னா அதைச் சம்மதம்னு எடுத்துக்கறது உன்ற தலைமுறையோட வழக்கம். அதை முறிக்கத்தான் இந்தக் காயிதம். நேர்ல சொன்னா "செரிங் மாமா, செரிங் மாமா"ன்னு தலையாட்டிட்டு ஓடிப்போயிருவே. எழுத்துல இருந்தா உன்ற சம்சாரமாச்சும் எடுத்துப் படிக்கும்.

பையனைக் குறை சொல்ல வரலை. தங்கமான பையன். பீடி சிகரெட்டுப் பழக்கம் இல்லை, குடிப்பழக்கம் இல்லை, வேலை செய்யற பழக்கமும் இல்லை. கோயமுத்தூருல எம்பிஏ வேற படிச்சிருக்கான். போன மாசம் உன்ற மில்லுக்கு வந்திருந்தப்பக் கண்ணுல பட்டதைச் சொல்றேன், கேளு. கொப்பரை லோடு ஒண்ணு வந்து நின்னுச்சு. உன்ற பெரிய அம்மிணி கணக்கு நோட்டை மூடி வெச்சுட்டு எந்திரிச்சு வந்துச்சு. வியாபாரி மேல் மூட்டையைப் பிரிச்சுக் காட்டறான். அம்மிணி அதைத் திரும்பியே பார்க்கலை. அடி மூட்டையை இறக்கச் சொல்லி, அதுக்குள்ள கையை விட்டு ஒரு பருப்பை எடுத்து ஒடிச்சுது. பட்டுனு ஒடியலை, வளைஞ்சு ஒடிஞ்சுது. மூக்குக்கிட்டக் கொண்டு போயி மோந்துச்சு. "ஏனுங்ணா, களத்துல காயறப்ப மழை புடிச்சுதுங்களா? ரெண்டு நாள்ல பூசணம் வந்துரும். வெலையைக் குறைச்சுக்குங்க, இல்லாட்டி லோடைத் திருப்பிக்குங்க"ன்னுச்சு. அந்த ஆளு முழிச்ச முழியைப் பார்க்கணுமே! உன்ற வாரிசு அந்நேரம் ஏசி ரூமுக்குள்ள, எண்ணெய் பாட்டில்ல ஒட்டற படத்துல தென்னமரம் இடது பக்கம் சாயணுமா வலது பக்கம் சாயணுமான்னு யாருகிட்டயோ போன்ல ரோசனை கேட்டுட்டிருந்தான்.

அடுத்தவங்க குடும்பத்துல மூக்கை நுழைக்கறது எனக்குப் புடிக்காது. கொப்பரை மூட்டைக்குள்ள நுழைஞ்ச மூக்கைப் பத்தி மட்டுந்தான் பேசறேன்.

நீ சொன்னதுல என்னைக் கெடுத்தது கடைசி வார்த்தைதான். "பையன்தானுங் மாமா வாரிசு, ஒலகம் முச்சூடும் உள்ளதுதானுங்களே"ன்னே பாரு. உன்ற ஒலகம் காங்கயத்துல ஆரம்பிச்சு அவல்பூந்துறை ஏலத்தோட முடியுது. என்ற பேத்தி ஜப்பான்ல வேலை பார்க்கறா. அவ சொன்னது பாதி, நான் லைப்ரரியில உக்காந்து படிச்சது பாதி, ரெண்டையும் ஒட்டுக்காச் சேர்த்துச் சொல்றேன்.

உங்கப்பன் வாங்குன மாருதி 800 இன்னும் உன்ற தொட்டியில தார்ப்பாய் போர்த்தி நிக்குதில்ல? அந்த வண்டி இந்தியாவுல 1983 கடைசியில வந்துச்சு. அதுக்குப் பின்னால இருந்த சுசுகி கம்பெனி 1909-ல ஹமமட்சுங்கற ஊருல தறி செய்யற பட்டறையாத்தான் ஆரம்பிச்சுது. சென்னிமலைத் தறிக்காரங்ககிட்டச் சொன்னா சந்தோசப்படுவாங்க. ஆரம்பிச்ச பெரியவருக்கு அப்புறம் தலைவரா வந்தவர் அவரோட மருமகன். பின்னால 1978-ல தலைவரான ஒசாமு சுசுகியும் அந்தக் குடும்பத்துல பொறந்தவர் இல்லை. அவரு மட்சுதா வீட்டுப் பையன். பேங்குல கடன் குடுக்கற வேலை பார்த்தவர். அந்த வீட்டுப் பேத்தியைக் கட்டுனாரு, சுசுகிங்கற பேரை எடுத்துக்கிட்டாரு, சுவீகாரமா உள்ள வந்தாரு, நாற்பது வருசம் கம்பெனியை ஆட்டி வெச்சாரு. நம்ம அரசாங்கம் அவருக்குப் பத்மபூஷண் குடுத்துச்சு. அவருக்கே சொந்தப் பையன் இருந்தும், அடுத்த தலைவராத் தன்ற மருமகனைத்தான் தயார் பண்ணிட்டிருந்தாரு. அந்த மருமகன் 2007-ல காலமாயிட்டாரு. அதுக்கும் பொறவுதான், 2015-ல, பெத்த பையன் தலைவரானாரு.

நம்மூருல இதே ஆளை என்னன்னு கூப்புட்டிருப்போம்? வீட்டோட மாப்பிள்ளை. டீக்கடையில அவனுக்கு பெஞ்சுல எடம் குடுக்க மாட்டோம். பந்தியில அவனுக்கு ரெண்டாவது தடவை பாயாசம் ஊத்தறதுக்குள்ள நாலு பேரு கண்ணடிச்சுக்குவோம்.

அதென்ன ஒரு கம்பெனிக் கதைன்னு நீ கேப்பே. டொயோட்டா மோட்டார் 1937-ல தொடங்குனப்ப மொதல் தலைவர் ரிசாபுரோ. அவரும் அந்த வீட்டுக்கு மருமகனா வந்து பேர் மாத்திக்கிட்டவர்தான். பெத்த பையன் கீச்சிரோ அப்பத் துணைத்தலைவர். கார் பைத்தியம் முழுக்கக் கீச்சிரோவுக்குத்தான், வண்டியைச் செஞ்சு காட்டுனதும் அவருதான். ஆனாக் கல்லாப்பெட்டிச் சாவி வேற கையில. ஜப்பான்ல 2011-ல மட்டும் 80,000-க்கு மேல சுவீகாரம் நடந்துச்சுன்னு கணக்குச் சொல்றாங்க. அதுல பெரும்பாலும் வளர்ந்த ஆளுங்க. வாரிசுச் சொத்து வரியைக் குறைக்கறதுக்காகப் பண்றவங்களும் உண்டு, தொழிலுக்காகப் பண்றவங்களும் உண்டு. ஒசாகா வியாபாரிங்க பொட்டப்புள்ளை பொறந்தா சந்தோசப்படுவாங்களாம். பையனைப் பொறுக்கி எடுக்க முடியாது, மருமகனைப் பொறுக்கி எடுக்கலாமில்ல, அதுக்கு! 2013-ல நாலு ஆராய்ச்சிக்காரங்க ஒக்காந்து கணக்குப் போட்டுப் பார்த்து, சுவீகார வாரிசு நடத்தற கம்பெனிங்க ரத்த வாரிசு நடத்தற கம்பெனிங்களை விட நல்லா நடந்திருக்குன்னு எழுதியிருக்காங்க. இன்னொண்ணும் எனக்குத் தோணுது. வெளியில இருந்து ஒருத்தனைக் கூட்டியாரலாம்னு அப்பன் நெனைக்கற வீட்டுல, பெத்த பையனும் காலையில ஆறு மணிக்கே எந்திரிச்சிருவான்.

ஒசாகாவுல இன்னொரு குடும்பம், கோங்கோன்னு பேரு. கோயில் கட்டற தச்சர்கள். 578-ல, கொரியா தேசத்துல இருந்து வரவழைச்ச தச்சர் ஒருத்தர் தொடங்குன தொழில். ஆயிரத்து நானூறு வருசம் ஓடுச்சு. நம்மூருல மகேந்திர பல்லவன் பட்டத்துக்கு வர்றதுக்கு முன்னாலயே அவங்க பட்டறை போட்டுட்டாங்க. அத்தனை தலைமுறையும் ஒரே ரத்தம்னு நெனைச்சுக்காதே. பையன் சரியில்லைன்னா மருமகன், மருமகன் இல்லைன்னா வேற ஒருத்தன், பேரு மட்டும் கோங்கோ. முப்பத்தேழாவது தலைவர் ஒருத்தர் இருந்தாரு. கைவேலையில மன்னன், வியாபாரம் மட்டும் வேப்பங்காய். கடன் ஏறி, மனசு ஒடைஞ்சு, 1932-ல உயிரை விட்டுட்டாரு. அவரோட சம்சாரம் யோஷியே முக்காடு போட்டுட்டு மூலையில ஒக்காரலை. முப்பத்தெட்டாவது தலைவரா நாற்காலியில ஒக்காந்துச்சு. ரெண்டு வருசத்துல ஒரு பெரும்புயல் அடிச்சு அங்கத்த ஷித்தென்னோஜி கோயிலோட அஞ்சடுக்குக் கோபுரம் விழுந்துச்சு. அதைத் திருப்பிக் கட்டற வேலையை வாங்கி வந்து பட்டறையை நிமித்துன பொம்பளை அதுதான். அதுக்கு அப்புறம் வந்தவரும் மருமகன்தான்.

அந்தக் குடும்பம் 2006-ல கம்பெனியை இன்னொரு பெரிய கட்டடக் கம்பெனிகிட்ட ஒப்படைச்சிருச்சு. பையன் சரியில்லாமயா? இல்லை. நிலத்து வெலை ஏறுன காலத்துல கடனை வாங்கி நிலத்துல போட்டாங்க, வெலை எறங்குனப்ப எந்திரிக்க முடியலை. கோயில் கட்டிப் பொழைச்சவன் சைட் வாங்கிக் கவுந்தான். உன்ற பையன் மில்லுக்குப் பின்னால இருக்கற தோட்டத்தை சைட் பிரிச்சு விக்கலாம்னு சொன்னானாமே? யாரு சொன்னாங்கன்னு கேக்காதே.

ஜப்பான்காரனைத் தலையில தூக்கி வெச்சு ஆடறேன்னும் நெனைக்காதே. அவனும் பொண்ணுக்கு நாற்காலி போட்டுக் குடுத்துட்டான்னு சொல்ல முடியாது. பொண்ணைக் கட்டுனவனுக்குத்தான் போட்டான். யோஷியே மாதிரி ஒருத்தி ஒக்காரணும்னா அதுக்கு வீடே இடிஞ்சு விழ வேண்டியிருந்துச்சு.

செரி, நாமளும் அப்படிப் பண்ணிரலாமான்னா, அங்கதான் சிக்கல். ஜப்பான்ல மருமகனைச் சுவீகாரம் எடுத்தா அவன் அந்த வீட்டுப் பேருக்கு மாறிருவான். நம்மள்ல அப்படி மாத்துனா என்ன ஆகும்னு ரோசிச்சுப் பாரு. மாப்பிள்ளை உன்ற கூட்டத்துக்கு வந்துருவான். ஒரே கூட்டம்னா பங்காளி. அவன் கட்டுன பொண்டாட்டியே அவனுக்கு அக்கா தங்கச்சி முறை ஆயிரும்! கல்யாணச் சீரு பண்ணி வெக்கற அருமைக்காரர் மூணாவது சீருலயே மயக்கம் போட்டு விழுந்துருவாரு. சட்டமும் விடாது. 1956-ல போட்ட இந்து சுவீகாரச் சட்டத்துல, எடுக்கற புள்ளைக்கு 15 வயசு ஆகியிருக்கக் கூடாது, கல்யாணமும் ஆகியிருக்கக் கூடாதுன்னு இருக்கு. அந்தச் சனத்துல அப்படி வழக்கம் இருந்தாத்தான் விதிவிலக்கு. செட்டிநாட்டுல வளர்ந்த பையனைப் புள்ளை கூட்டிக்குவாங்க, எனக்குத் தெரியும். ஆனா அதுவும் அதே கோயில் பங்காளிக்குள்ள. மருமகனை இல்லை.

இதே சிக்கல் கொரியாக்காரனுக்கும் உண்டு. அவங்களுக்கும் நம்மளாட்டக் கூட்டம் இருக்கு. ஒரே பேரு, ஒரே பூர்வீகம்னா கல்யாணம் கூடாதுன்னு சட்டமே வெச்சிருந்தாங்க. 1997-ல கோர்ட்டு அதைச் செல்லாதாக்குற வரைக்கும் அது நின்னுச்சு. புள்ளை இல்லாதவன் சுவீகாரம் எடுத்தாலும் பங்காளி வீட்டுலதான் எடுக்கணும்னு அந்தக் காலத்து வழக்கம். அப்புறம் எங்கத்த மருமகன்? ரத்தம், ரத்தம், ரத்தம். சாம்சங்கைத் தொடங்குனவரு மூணு பையன்ல மூணாவதை வாரிசாப் பொறுக்கி வெச்சாரு, 1987-ல பெரியவர் காலமானதும் அந்தப் பையன் தலைவரானாரு. பொறுக்குனது நல்லாத்தான் பொறுக்குனாரு. ஆனா மூத்தவரு மனசுல வெச்சிருந்து, கால் நூற்றாண்டு கழிச்சு 2012-ல கோர்ட்டுக்குப் போனாரு. எண்பது வயசுல தம்பி மேல கேஸு! இப்ப இருக்கற மூணாம் தலைமுறைக்காரர் 2020-ல கேமரா முன்னால நின்னு, "என்ற புள்ளைங்களுக்கு நிர்வாகத்தைக் குடுக்கப் போறதில்லை"ன்னு சொல்லிட்டாரு. அடுத்த வருசம் அப்பன் சொத்துக்கு அந்தக் குடும்பம் கட்ட ஒத்துக்கிட்ட வரி 12 லட்சம் கோடி வோனுக்கு மேல. அவ்வளவு வரி கட்டுனா எனக்கும் ஞானம் வரும்.

கொரியாவுல இன்னொரு கதை நடந்துச்சு, 2014 டிசம்பர்ல. விமானக் கம்பெனி முதலாளியோட பொண்ணு, அதே கம்பெனியில பெரிய பதவி. நியூயார்க்குல விமானம் கெளம்பப் போகுது. தின்கறதுக்குக் குடுத்த மக்காடமியாக் கொட்டையைத் தட்டுல வெச்சுக் குடுக்காமப் பொட்டலத்தோட குடுத்துட்டாங்களாம். அதுக்கு விமானத்தைத் திருப்பி வாசலுக்கே கொண்டுவந்து, வேலைக்காரங்க தலைவரை இறக்கி விட்டுட்டுத்தான் போனாங்க. அந்த அம்மா ஜெயிலுக்குப் போச்சு. இதுல பையன் பொண்ணுன்னு பேதமே இல்லை பாரு. அப்பன் நாற்காலிக்குக் கீழ தவழ்ந்து வெளையாடுனதையே தகுதின்னு எடுத்துக்கிட்டா ரெண்டு பேரும் ஒண்ணுதான்.

செருமனிக்காரன் இந்த வம்பே வேண்டாம்னுட்டான். ரூர் பக்கம் ஹானியேல்னு ஒரு குடும்பம், 1756-ல ஆரம்பிச்ச வியாபாரம். இன்னைக்குப் பங்கு வெச்சிருக்கற ஒறம்பரைங்க எழுநூறு பேருகிட்ட இருக்காங்க. அதுல ஒருத்தரும் கம்பெனியில வேலைக்குச் சேரக் கூடாது. நூறு வருசத்துக்கு மேலா அதுதான் விதி. மேல ஒக்காந்து மேற்பார்வை பார்க்கலாம், வருசா வருசம் லாபத்துல பங்கு வாங்கிக்கலாம். உள்ள வந்து உத்தரவு போடற சோலி கெடையாது. நம்ம பக்கம் எழுநூறு பேரு வேண்டாம், ரெண்டு பேரு போதும். உங்கப்பனும் சித்தப்பனும் பாகம் பிரிச்சப்ப ஒத்தை எக்ஸ்பெல்லரை எப்படி ரெண்டாப் பங்கு போடறதுன்னு எத்தனை பஞ்சாயத்து! கடைசியில ஆருக்கும் இல்லாம மூணாமத்தவனுக்கு இரும்பு வெலைக்குப் போச்சு. அந்த மூணாமத்தவன் அதே மிஷினை வெச்சு இன்னைக்கு உனக்குப் போட்டியா ஆட்டறான். நமக்குப் பங்குன்னா சுவரு. செருமனிக்காரனுக்குப் பங்குன்னா தபால்ல வர்ற செக்கு. மில்லுல பையனுக்குப் பங்கு குடு, வேண்டாங்கலை. கல்லாவுல ஒக்காத்தறது வேற, பங்கு குடுக்கறது வேற. இத்தனை வருசமா ரெண்டையும் ஒண்ணாப் போட்டுக் கொழப்பிக்கிட்டதுதான் நம்ம பக்கத்துப் பாதி மில்லுக்குப் பூட்டு.

ஹாங்காங்குல லீ கும் கீன்னு ஆளி சாஸ் விக்கற குடும்பம், 1888-ல தொடங்குனது. ரெண்டு தடவை அண்ணன் தம்பிச் சண்டையில ஒடைஞ்சு ஒட்டுனதுக்கு அப்புறம் ஒக்காந்து சட்டம் எழுதிட்டாங்க. வீட்டுப் புள்ளைங்க மொதல்ல வெளியில வேற கம்பெனியில சில வருசம் வேலை பார்த்துட்டுத்தான் உள்ள வரலாம். இது வரைக்கும் செரி. அப்புறம் இருக்கு பாரு: காலம் கடந்து கல்யாணம் பண்ணக் கூடாது, விவாகரத்துக் கூடாது, சின்ன வீடு கூடாது! மீறுனா குடும்ப சபையில எடம் போயிரும். உன்ற சித்தப்பன் அந்தக் காலத்துல ஹாங்காங்குல பொறந்திருந்தா மில்லு முழுசா உங்களுக்கே வந்திருக்கும், பாகமே பிரிச்சிருக்க வேண்டாம்.

வெளியூருல வேலை பார்க்கறது நமக்கும் புதுசில்லை. செட்டிநாட்டு அய்யாமாருங்க பெரிய முதலாளி வீட்டுப் பையனையே அடுத்தவர் கடையில பெட்டியடிக்கு அனுப்பி, ரங்கூன்லயும் பினாங்குலயும் தரையில ஒக்காந்து கணக்கு எழுத வெச்சுத்தான் தொழில் பழக்குனாங்க. பையன் மேல பிரியம் இல்லாமயா? பிரியம் இருந்ததாலதான் அடுத்தவர்கிட்ட அனுப்புனாங்க. அப்பன் கண்ணுக்கு முன்னால எவனும் திட்ட மாட்டானே.

பொண்ணு சங்கதிக்கு வர்றேன். இத்தாலியில ஆன்டினோரின்னு ஒரு குடும்பம், 1385-ல இருந்து ஒயின் வியாபாரம். இருபத்தஞ்சு தலைமுறை ஆம்பளைங்களே நடத்துனாங்க. போன தலைமுறைக்காரருக்கு மூணும் பொண்ணு. இப்ப அந்த மூணு பேருந்தான் நடத்தறாங்க, மூத்தது தலைவர். திராட்சைக்கு ஒண்ணும் குத்தம் வரலை.

நம்ம மாநிலத்துல பூர்வீகச் சொத்துல பொண்ணுக்குச் சம பங்குன்னு 1989-லயே சட்டம் வந்துருச்சு, டெல்லிக்கு முன்னாலயே. 2005-ல நாடு முழுக்க வந்துச்சு. சட்டம் வந்ததும் நாம என்ன பண்ணுனோம்? சப்-ரிஜிஸ்தர் ஆபீசுல பொண்ணை ஒக்கார வெச்சு, மசால் தோசை வாங்கிக் குடுத்து, விடுதலைப் பத்திரத்துல கையெழுத்து வாங்கக் கத்துக்கிட்டோம். பெரிய எடத்துல மட்டும் வேறயா? முருகப்பா குழுமத்துல ஒரு பங்காளி 2017-ல காலமாகி, ஆண் வாரிசு இல்லாம, அணுப் பொறியியல்ல டாக்டர் பட்டம் வாங்குன பொண்ணு இயக்குநர் குழுவுல எடம் கேட்டுச்சு. 2020-ல ஓட்டுப் போட்டு இல்லைன்னுட்டாங்க. 2023-லதான் சமரசம் ஆச்சு. அணுவை நம்பி ஒப்படைக்கலாம், ஆனா அலுவலக நாற்காலியை ஒப்படைக்கறதுக்குச் சித்தெ ரோசனை வேணும் போல.

நீயும் அதே ரோசனைக்காரன்தான். "அம்மிணி நாளைக்கு இன்னொருத்தன் வீட்டுக்குப் போறதுதானுங்களே மாமா"ம்பே. போகாம இருந்தா? மாப்பிள்ளை வந்தா? கூட்டம் மாத்த வேண்டாம், சுவீகாரம் வேண்டாம், ஹோமம் வேண்டாம். ரூமை ஒழிச்சுக் குடுத்தாப் போதும். ஊரு சிரிக்குமேன்னா, ஊரு உன்ற பையன் மில்லை மூடுனாலும் சிரிக்கத்தான் போகுது. எந்தச் சிரிப்புக்கு எண்ணெய் ஆடிக்கிட்டிருக்கும்னு மட்டும் பாரு.

பையனை என்ன பண்றதுங்கறியா? எவனாச்சும் முரட்டு முதலாளிகிட்டத் தாட்டி விடு. ரெண்டு வருசம் கொப்பரை வாங்கட்டும், பூசணம் புடிச்ச லோடை வாங்கிட்டு வந்து திட்டு வாங்கட்டும். திரும்பி வந்து தென்னமரத்தை எந்தப் பக்கம் சாய்க்கலாம்னு அக்காகிட்டக் கேக்கட்டும். படம் போடறதுல அவனுக்குக் கை இருக்கு, அதை நான் மறுக்கலை.

மாப்பிள்ளைக்கு எங்க போறதுன்னு கேப்பே. வீட்டோட வர்றதுக்குச் சம்மதிக்கணும், எண்ணெய் தெரிஞ்சிருக்கணும், அடுத்தவன் மில்லுல வேலை பார்த்து நாலு திட்டு வாங்கியிருக்கணும். கஷ்டந்தான். ஒண்ணே ஒண்ணு ஞாபகம் வருது. என்ற பெரியவன் மகன் ஃபுட் டெக்னாலஜி படிச்சுட்டுப் பெருந்துறைப் பக்கம் ஒரு எண்ணெய் ஆலை லேப்ல நாலு வருசமா வேலை பார்க்கறான். ஜப்பான்ல இருக்கற பேத்திக்கு இவன் தம்பி. நீ எங்கக்கா மகன், அவன் என்ற மகன் வயித்துப் பேரன், முறையும் பொருத்தமா வருது. இதுக்காகத்தான் இத்தனை ஊரு சுத்திக் காட்டுனேன்னு நெனைச்சுக்காதே. எழுதிட்டு வர்றப்ப, இப்பத்தான் தோணுச்சு.

மில்லு போர்டுல உன்ற பேருக்குக் கீழ அம்மிணி பேரு வரட்டும், அதுல எனக்கு ஆட்சேபணை இல்லை. ஆனா ஜப்பான்காரன் மாதிரி பேரன் இனிஷியலை மாத்தணும்னு மட்டும் பேச்செடுக்காதே. அதெல்லாம் அந்த ஊருக்குச் செரி.

பேரன்கிட்ட இன்னும் வாய் விடலை. மொதல்ல அம்மிணிகிட்டக் கேளு. அது வேண்டாம்னுட்டா கடைசிப் பக்கத்தை மட்டும் கிழிச்சுப் போட்டுரு, மத்த பக்கமெல்லாம் அப்பவும் செல்லும். மத்தியானம் கண்ணசந்துருவேன், நாலு மணிக்கு மேல போன் பண்ணு.

உன்ற மாமன்